பழைய போல்ட் ரைபிள் சிதறிச் சுடுகிறதா? குழலைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1950களில் செய்யப்பட்ட, .30-06 என்ற தோட்டா வகையைச் சுடும் ஒரு வேட்டை ரைபிள். போல்ட் இயக்கம் (கைப்பிடித் தண்டை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது), வால்நட் மரக்கட்டை, மேலே ஒரு பழைய ஸ்கோப். தாத்தாவிடமிருந்து வந்தது. 100 மீட்டரில் ஐந்து குண்டுகள் சுட்டால் பத்து சென்டிமீட்டர் அளவுக்குச் சிதறுகின்றன; சுட்ட தாளையும் அனுப்பியிருக்கிறீர்கள். குழல் தேய்ந்துவிட்டதா, புதுக் குழல் போடலாமா, அல்லது ரைபிளையே விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்காதீர்கள். குழலையும் இப்போது தொடாதீர்கள். வேட்டைக்கு மட்டும் பயன்பட்ட ரைபிள் ஒன்று ஆண்டுக்கு இருபது முப்பது தோட்டாக்கள்தான் சுட்டிருக்கும். அந்தக் கணக்கில் ஐம்பது ஆண்டு உழைத்தாலும் ஒரு .30-06 குழல் தேய்ந்து போவதில்லை. அழுக்கு, துரு, இளகிய திருகு, வீங்கிய மரம், உள்ளே ஸ்பிரிங் தளர்ந்த ஸ்கோப் ஆகியவைதான் பழைய ரைபிளைக் கெடுக்கின்றன. இவை எல்லாமே சரிசெய்யக் கூடியவை. பெரும்பாலானவற்றுக்குக் காசும் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

எதை எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். துல்லியத்தைக் கோண நிமிடத்தில் சொல்வது வழக்கம். ஒரு கோண நிமிடம் என்பது 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். உங்கள் ரைபிள் இப்போது சுமார் மூன்றரைக் கோண நிமிடத்தில் சுடுகிறது. அந்தக் காலத்து நல்ல வேட்டை ரைபிளிடம் ஒன்றரைக் கோண நிமிடம், அதாவது 100 மீட்டரில் 40 முதல் 45 மில்லிமீட்டர் கேட்பது நியாயம். 200 மீட்டரில் அது 9 சென்டிமீட்டருக்குள் அடங்கும். மானின் நெஞ்சறை அதைவிட இரு மடங்கு அகலம். ஒன்றரைக் கோண நிமிடத்துக்கும் கீழே வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் ரைபிளில் குறை என்று பொருள் இல்லை.

துல்லியத்துக்கு முன்னால் பாதுகாப்பு. தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். குழலின் மேல் எழுதியிருக்கும் தோட்டாவின் பெயரை நம்பி மட்டும் சுடாதீர்கள். இடையில் யாராவது தோட்டா அறையை வேறு அளவுக்குக் குடைந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து அறையை அச்சு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; போல்ட் முகத்திலிருந்து தோட்டா அறைக்குள் தடுத்து நிற்கும் இடம் வரையுள்ள பூட்டு இடைவெளியையும் அளவுகோல் வைத்து அவர் பார்க்கட்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஜெர்மானிய 8×57 தோட்டா வகையில் .318 அங்குலக் குண்டுக்கான பழைய குழலும் உண்டு, .323 அங்குலக் குண்டுக்கான பிந்தைய குழலும் உண்டு. பெரிய குண்டைச் சிறிய குழலில் சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அதேபோல் ஸ்பிரிங்பீல்டு 1903 ரைபிளில், ஸ்பிரிங்பீல்டு ஆயுதச்சாலை செய்தவற்றுள் 800,000-க்குக் குறைந்த வரிசை எண் கொண்டவற்றின் ரிசீவர் (குழல் பூட்டப்பட்டு, போல்ட் உள்ளே ஓடும் உடற்பகுதி) எஃகு நொறுங்கும் தன்மையுடையது என்பது நெடுங்காலமாக அறிந்த செய்தி. உங்களுடையது பிற்காலத்து வேட்டை ரைபிள் என்பதால் இந்த இரண்டும் பொருந்தாது. ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு விதியை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். திருகை இறுக்கி, ஸ்கோப்பை மாற்றி, புதுத் தோட்டாவும் வாங்கி மூன்றையும் ஒரே நாளில் செய்தால், குரூப் (தாளில் குண்டுகள் விழுந்த பரப்பு) சுருங்கினாலும் எதனால் சுருங்கியது என்று தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் சிதறும்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நிற்பீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, தோட்டா, என்ன மாற்றினீர்கள், குரூப் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். சுட்ட தாள்களையும் கிழித்துப் போடாதீர்கள்.

நான் முதலில் பார்ப்பது கட்டைக்கு அடியில் இருக்கும் திருகுகளைத்தான். ரிசீவரை மரத்தோடு பிணைப்பவை அவைதான். இரண்டோ மூன்றோ இருக்கும். மரம் ஆண்டுக்கு ஆண்டு காய்ந்து அமுங்கும். ஒருகாலத்தில் இறுக்கமாக இருந்த திருகு இன்று கையால் திருப்பினாலே சுழலும். சரியான அகலமுள்ள திருப்புளியால், ரைபிளைச் செங்குத்தாக அடிக்கட்டை மேல் நிறுத்தி, முன்திருகை முதலிலும் பின்திருகைப் பிறகும் இறுக்குங்கள். வெறும் மரக்கட்டை என்றால் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் மரம் நசுங்கும். உள்ளே உலோகத் தூண் வைத்த கட்டையானால் 7 வரை போகலாம். நடுவில் மூன்றாவது திருகு இருந்தால் அதைச் சும்மா பற்றி நிற்கும் அளவுக்கு மட்டும் திருப்புங்கள். வின்செஸ்டர் மாடல் 70 வைத்திருப்பவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள்: நடுத்திருகை முறுக்கினால் ரிசீவரின் மெல்லிய இடைப்பகுதி கீழே வளைந்து, ரைபிள் முழுவதும் வில்லாகிவிடும்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிலைமை அதைப் போலவே இருக்கிறது. என் கைக்கு வந்த ஒரு பழைய .270 ரைபிள் இப்படித்தான் எட்டு ஒன்பது சென்டிமீட்டருக்குச் சிதறியது. திருகுகள் இறுக்கமாக இருந்தன. பார்த்த கம்மியர் ஒருவர் குழலை மாற்றச் சொன்னார். நானும் நம்பி, ஓராண்டுக்கு மேல் அந்தக் குழலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கட்டையைப் பிரித்து, தோட்டாக்களை அடுக்கும் மேகசின் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, அந்தத் தகரப் பெட்டியின் மேல் விளிம்பு முழுக்கக் கண்ணாடி போலப் பளபளத்தது. மற்ற இடமெல்லாம் கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது. அப்போதுதான் புரிந்தது. மரம் அமுங்கி அமுங்கி, கடைசியில் ரிசீவருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே அந்தப் பெட்டியே தூண் போல நின்றிருக்கிறது. நான் இறுக்கிய திருகெல்லாம் பெட்டியை இறுக்கியிருக்கிறதே தவிர, ரிசீவரை மரத்தில் உட்கார வைக்கவில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் ரிசீவர் மரத்தில் வேறொரு இடத்தில் போய் நின்றது. பெட்டியின் விளிம்பை அரம் வைத்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக ராவி, அது உள்ளே லேசாக ஆடும்படி விட்டேன். அதே குழல், அதே தோட்டா. அடுத்த முறை ஐந்து குண்டுகளும் 41 மில்லிமீட்டருக்குள் விழுந்தன. அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது.

எனவே நீங்களும் திருகை இறுக்கிய பிறகு மேகசினின் அடி மூடியைத் திறந்து, பெட்டியை விரலால் அசைத்துப் பாருங்கள். மயிரிழை அளவாவது அசைய வேண்டும். சிக்கென்று நின்றால் சந்தேகப்படுங்கள். மௌசர் 98 வகையில் பின்திருகைச் சுற்றி ஒரு சிறு எஃகுக் குழாய் மரத்துக்குள் இருக்கும். யாராவது பிரித்து மாட்டியபோது அது தொலைந்து போயிருப்பதை நான் பல ரைபிள்களில் கண்டிருக்கிறேன். அது இல்லாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் திருகு நிலைகொள்ளாது.

ரிசீவர் மரத்தில் வளையாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ரைபிளை நிறுத்தி வைத்து, முன்கட்டையின் நுனியையும் குழலையும் சேர்த்துத் தொடும்படி இடது கையின் ஆள்காட்டி விரலை வையுங்கள். வலது கையால் முன்திருகை மெல்லத் தளர்த்துங்கள். பிறகு இறுக்குங்கள். குழல் கட்டையிலிருந்து எழும்புவதோ இறங்குவதோ விரலில் தெரிந்தால், திருகு ரிசீவரை வளைத்து வைத்திருக்கிறது என்று பொருள். விரல் நுனி மிகச் சிறிய அசைவையும் காட்டிக்கொடுக்கும். பின்திருகுக்கும் இதையே செய்யுங்கள்.

அடுத்தது குழலும் முன்கட்டையும். மரம் ஈரத்தில் வீங்கும், வெயிலில் சுருங்கும். முன்கட்டை ஒரு பக்கமாகத் திரும்பிக் குழலைத் தொட்டால், குண்டு விழும் இடம் பருவத்துக்குப் பருவம் நகரும். குழல் சூடாகச் சூடாக அந்த அழுத்தம் மாறுவதால், ஒரே குரூப்புக்குள்ளும் குண்டுகள் ஒரு திசையாக ஏறிக்கொண்டே போகும். ஒரு தாளை நீளமாக வெட்டிக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டு இழுங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே தொடுகிறது.

தொடுவதைக் கண்டதும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடாதீர்கள். பலர் இங்கேதான் அவசரப்பட்டு நல்ல கட்டையைக் கெடுக்கிறார்கள். எல்லா ரைபிளும் குழல் மரத்தைத் தொடாமல் மிதந்தால்தான் நன்றாகச் சுடும் என்பது உண்மையில்லை. 1936-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 70-இன் பழைய வடிவத்தில் முன்கட்டையிலிருந்தே ஒரு திருகு குழலோடு பூட்டப்பட்டிருந்தது. 1962-இல் வந்த ரெமிங்டன் 700-இன் முன்கட்டை நுனியில் குழலை மேல்நோக்கித் தாங்கும் மேடு வைத்தே அனுப்பினார்கள். பிரிட்டிஷ் படை ரைபிளான லீ என்ஃபீல்டில் முன்கட்டை குழல்வாய்ப் பக்கம் மேல்நோக்கி அழுத்த வேண்டும் என்பது படைக் கம்மியர்களின் விதி. மெல்லிய குழலின் அதிர்வை அந்த அழுத்தம் அடக்குகிறது. உங்கள் ரைபிள் எந்த வகை என்று அதைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் வழி இது. முன்திருகைக் கழற்றி, ரிசீவரின் முன்பகுதிக்கும் மரத்துக்கும் நடுவே, பின்னுதையைத் தாங்கும் பல்லுக்குச் சற்றுப் பின்னால், அரை மில்லிமீட்டர் பித்தளைத் தகடு ஒன்றை வைத்துப் பூட்டுங்கள். அவ்வளவில் குழல் மரத்தைவிட்டு எழும்பி மிதக்கும். அப்படியே சுட்டுப் பாருங்கள். இது சோதனைக்கு மட்டும். வேட்டைக்கு இப்படியே எடுத்துப் போக வேண்டாம். பிறகு தகட்டை எடுத்துவிட்டு, முன்கட்டை நுனியில் குழலுக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றை இறுக்கமாகச் செருகிச் சுடுங்கள். இரண்டில் எது குரூப்பைச் சுருக்குகிறதோ அதுதான் பதில். மரத்தில் ஒரு தூள்கூட உதிரவில்லை, பாருங்கள். மிதந்தால் நன்று என்று உறுதியான பின் உருளையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, குழல் கிடக்கும் பள்ளத்தை இரண்டு தாள் தாராளமாக நுழையும் வரை தேய்க்கலாம். தேய்த்த இடத்தையும் ரிசீவர் உட்காரும் இடத்தையும் எண்ணெயோ வார்னிஷோ பூசி ஈரம் புகாமல் மூடிவிட வேண்டும். வெளியே பளபளக்க மெருகிட்டு உள்ளே பச்சை மரமாக விட்ட கட்டைகள்தான் மழையில் அதிகம் ஆடுகின்றன.

விரல் சோதனையில் ரிசீவர் வளைவது தெரிந்தால், ரிசீவர் உட்காரும் மர இருக்கைக்கு எஃகுத்தூள் கலந்த எப்பாக்சிப் பிசின் போட வேண்டும். கைவேலை பழகியவர் இதைத் தாமே செய்யலாம். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பிசின் ஒட்டக் கூடாத ஒவ்வோர் இடத்திலும், திருகுப் புரிகள் உட்பட, ஒட்டாமல் தடுக்கும் மெழுகைப் பூசுங்கள். ரிசீவரில் உள்ள துளைகளையும் பள்ளங்களையும் களிமண்ணால் அடையுங்கள். ஒரு துளையை மறந்தாலும் பிசின் அதில் புகுந்து கொக்கி போலப் பூட்டிக்கொள்ளும். பிறகு கட்டையை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, பின்னுதையைத் தாங்கும் பல்லின் முன்புறம், இரு பக்கம், அடிப்புறம் ஆகியவற்றில் ஒரு சுற்று நாடா ஒட்டிவிடுங்கள். பின்முகம் மட்டும் பிசினில் முழுமையாகப் பதிய வேண்டும். உதை முழுவதையும் அந்த ஒரு முகம் தாங்கினால் போதும். மற்ற பக்கங்கள் நெருக்கினால் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் நிலை மாறும். ஒரு முழு நாள் காயவிடுங்கள். கட்டை பழமையின் மதிப்புடையது என்றால் இதை ஒரு தேர்ந்த கம்மியரிடம் ஒப்படையுங்கள்.

ஸ்கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடித்தளத் திருகுகளும் வளையத் திருகுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வளையத்துக்கு 2 நியூட்டன் மீட்டர் போதும். ஐம்பது ஆண்டுப் பழைய ஸ்கோப்பின் உள்ளே குறிக்கம்பிகளைத் தாங்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஒவ்வோர் உதைக்கும் குறி நகரும். இதற்கு ஒரே நம்பகமான சோதனை, வேறொரு ரைபிளில் நன்றாக வேலை செய்யும் ஸ்கோப்பை இரவல் வாங்கிப் பொருத்திச் சுடுவது. தலையை அசைத்தால் குறிக்கம்பி இலக்கின் மேல் நகர்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகள் சுமார் 100 மீட்டருக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். அந்தத் தூரத்திலேயே நிறைய நகர்ந்தால் அது சிதறலுக்கு ஒரு காரணம்.

குழலின் உட்புறம் வேறு கதை. அதற்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். பழைய ரைபிள்களைப் பலரும் துடைத்ததாகச் சொல்வார்கள். அவர்கள் துடைத்தது கரியை மட்டும்தான். குண்டின் மேலுறையிலிருந்து உரசி ஒட்டிய செம்பு அடியில் படலமாக இருக்கும். அதன் மேல் கரி, மீண்டும் செம்பு, மீண்டும் கரி என்று அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். குழல்வாயில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் புரிகளின் (குண்டைச் சுழல வைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டிய வரிகளின்) முகட்டில் செந்நிறக் கோடுகள் தெரியும்.

தோட்டா அறைப் பக்கத்திலிருந்துதான் கம்பியைச் செலுத்த வேண்டும். கம்பி நடுவில் போக, அறைக்குள் ஒரு வழிகாட்டிக் குழாய் பொருத்துவது நல்லது. முதலில் கரி கரைக்கும் திரவத்தில் நனைத்த துணித்துண்டுகள் நாலைந்து. அவை மையாகக் கறுத்து வரும். பிறகு தூரிகை, மீண்டும் துணி. கறுப்பு சாம்பலாக வெளுத்ததும் அம்மோனியா கலந்த செம்பு நீக்கும் திரவத்தைச் செலுத்தி, புட்டியில் எழுதியிருக்கும் நேரம் மட்டும் ஊறவிடுங்கள். அடுத்த துணி வெளியே வரும்போது நீலமாக இருக்கும். மயில் கழுத்து நீலம். முதல் முறை பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும், இத்தனை செம்பு உள்ளே இருந்ததா என்று. நீலம் வெளுக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இந்தக் கட்டத்தில் வெண்கலத் தூரிகையையும் பித்தளை முனையையும் பயன்படுத்த வேண்டாம்; அவற்றின் செம்பே கரைந்து நீலம் காட்டி உங்களை ஏமாற்றும். நைலான் தூரிகை போதும். அம்மோனியாத் திரவத்தை இரவு முழுதும் விட்டுவைக்கவும் கூடாது. கடைசியில் உலர்ந்த துணி, அதன்பின் ஒரே ஒரு துணியில் மெல்லிய எண்ணெய். சுடப் போகும் நாளில் அந்த எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் குழலிலிருந்து போகும் முதல் குண்டு தனியே விலகி விழும்.

துடைத்து முடித்த குழலின் சுவரில் சிறு சிறு குழிகள் தெரிந்தால் மனம் தளர வேண்டாம். தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் எஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, ஏறத்தாழச் சமையல் உப்பு போன்றது. காற்றின் ஈரத்தை இழுத்து எஃகைத் தின்னும். எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலத்துக்காரர்கள் சுட்டு வந்ததும் குழலில் வெந்நீர் ஊற்றினார்கள். நீங்களும் பழைய ராணுவ உபரித் தோட்டா சுட்டால் அதையே செய்யுங்கள். குழி விழுந்த குழல் விரைவில் அழுக்காகும், ஆனால் பல நேரங்களில் வியக்கத்தக்க அளவுக்கு நன்றாகவே சுடும். செம்பு முழுதும் நீங்கிய குழல் முதல் சில குண்டுகளுக்குத் தடுமாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐந்து முதல் பத்துக் குண்டுகள் சுட்ட பிறகு குரூப்பை அளந்தால்தான் உண்மை தெரியும்.

குழலில் ஒரு மில்லிமீட்டர் இடம்தான் மிக முக்கியமானது என்றால் அது குழல்வாயின் உள்விளிம்பு. குண்டு கடைசியாகத் தொட்டு விடைபெறும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலோ சிறு பள்ளம் இருந்தாலோ, பின்னால் பீறிடும் வாயு அந்தப் பக்கம் முந்தி வெளியேறிக் குண்டின் வாலைத் தள்ளும். வாய்ப்பக்கத்திலிருந்து எஃகுக் கம்பி விட்டுத் துடைத்த ரைபிள்களிலும், வாகனத்தின் தரையில் வாய் கீழாகச் சாய்ந்து கிடந்த ரைபிள்களிலும் இது அடிக்கடி நேரும். பூதக்கண்ணாடியால் பாருங்கள். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு, ஒவ்வொரு புரி வழியாகவும் வெளியே இழுங்கள். பஞ்சு நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. கம்மியர் கடைசல் இயந்திரத்தில் வைத்து விளிம்பைப் புதிதாக வெட்டித் தருவார். குழலின் நீளத்தில் சில மில்லிமீட்டர்தான் குறையும். ஒரே வேலையில் பழைய ரைபிளுக்கு உயிர் வந்ததை நான் அதிகம் கண்டது இந்த இடத்தில்தான்.

தோட்டாவுக்கு வருகிறேன். ஒரே வகையைச் சுட்டுவிட்டு ரைபிளைத் தீர்ப்பிடக் கூடாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு விருப்பம் உண்டு. மூன்று நான்கு வகைகளை, குறைந்தது இரண்டு எடைகளில், சோதிக்க வேண்டும். .30-06 குழல்களின் புரி வழக்கமாக 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 150 முதல் 180 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) வரை எதையும் ஏற்கும் என்பதால் உங்களுக்குக் கவலை குறைவு. மற்ற அளவுகளில் இது பெரிய விஷயம். 1955-இல் ரெமிங்டன் .244 தோட்டாவை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று கொண்ட குழலோடு கொண்டு வந்தது; அதே ஆண்டு வின்செஸ்டரின் .243 வந்தது 10 அங்குலச் சுற்றோடு. 100 கிரெயின் குண்டை நம்பிச் சுட முடிந்தது .243-இல்தான், எனவே சந்தை அதன் பக்கம் போனது. 1963-இல் ரெமிங்டன் தன் தோட்டாவுக்கு 6 மில்லிமீட்டர் என்று வேறு பெயரும் 9 அங்குலச் சுற்றும் கொடுத்தது.

நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும் என்பதைக் பிரிட்டிஷ் கணித அறிஞர் கிரீன்ஹில் 1879-இலேயே சூத்திரமாக்கிவிட்டார். இன்று இது இன்னொரு வகையில் உறுத்துகிறது. ஈயமில்லாத முழுச் செம்புக் குண்டுகள் பரவிவிட்டன. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். மெதுவான புரி கொண்ட பழைய குழலில் அது தள்ளாடும். தாளில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை விழுந்தால் அதுதான் அறிகுறி. ஒரு படி எடை குறைந்த குண்டுக்கு மாறுங்கள். .303 பிரிட்டிஷ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் குழலுக்கு .311 அல்லது .312 அங்குலக் குண்டு வேண்டும், .308 போதாது. ராணுவக் குழல்களின் அளவு ஒன்றுபோல இருப்பதில்லை. மென்மையான ஈய உருண்டையைக் குழல் வழியே தள்ளி எடுத்து அளந்தால் தெரிந்துவிடும்.

இனிச் சுடுபவரைப் பற்றி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை துப்பாக்கிக்கும் பொருந்தும், ஆனால் இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. .30-06-இன் உதை யாருடைய கண்ணையும் இமைக்க வைக்கும். நண்பர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, நீங்கள் பார்க்காமல் அவர் சில முறை உண்மைத் தோட்டாவும் சில முறை மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவும் இடட்டும். வெடிக்காத முறையில் குழல்வாய் கீழே குத்தினால், சிதறலில் ஒரு பங்கு உங்களுடையது. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் வெற்றுப் பயிற்சி அதைச் சரிசெய்யும். மேசையில் சுடும்போது மணல்மூட்டை முன்கட்டைக்கு அடியில் இருக்க வேண்டும், குழலுக்கு அடியில் ஒருபோதும் கூடாது. வார் மாட்டும் கொக்கி மூட்டையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்கட்டைக்கு ஒரு சிறு மூட்டை வைத்து, அதைக் கையால் பிசைந்து உயரத்தைச் சரிசெய்யுங்கள். காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு போட்டால் இமைப்பது பாதியாகக் குறையும்.

விசை கனமாக இருந்தால் கம்மியரிடம் கொடுத்து ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வரை குறைக்கச் சொல்லலாம். அதற்குக் கீழே வேட்டை ரைபிளுக்குத் தேவையில்லை. பழைய விசையை வீட்டில் அரம் வைத்துத் தேய்ப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். சரிசெய்த பிறகு காலித் துப்பாக்கியில் போல்ட்டை வேகமாக அடித்து மூடிப் பாருங்கள். பாதுகாப்புப் பூட்டைப் போட்டு விசையை இழுத்து, விசையை விட்டபின் அந்தப் பூட்டை எடுத்துப் பாருங்கள். ஊசி ஒருமுறை தானாக விழுந்தாலும் அந்த ரைபிள் சுடுவதற்கில்லை.

அளப்பதிலும் ஏமாறாதீர்கள். மூன்று குண்டுகளில் ஒரு நல்ல குரூப் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பது பொதுவான தவறு. மூன்று குண்டுகளுக்குச் சராசரியாக 30 மில்லிமீட்டர் காட்டும் ரைபிள், ஐந்து குண்டுகளுக்கு 38-உம் பத்துக்கு 47-உம் காட்டும். ரைபிள் மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. மெல்லிய வேட்டைக் குழலில் பத்தைத் தொடர்ந்து சுடாதீர்கள். மூன்று சுட்டு, போல்ட்டைத் திறந்து வைத்து, குழலைக் கையால் பற்றினால் சூடு தெரியாத வரை காத்திருந்து அடுத்த மூன்று. ஒப்பிடுவதற்கு எப்போதும் ஐந்து குண்டு குரூப் குறைந்தது இரண்டு வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் 80 மில்லிமீட்டருக்குக் கீழே வரவில்லை என்றால், அப்போது குழலைச் சந்தேகிக்கலாம். தோட்டா அறைக்கு முன்னால் புரி தொடங்கும் இடத்தைச் சிறு கேமரா விட்டுக் கம்மியர் பார்ப்பார். அங்கே எஃகு வெடித்த சேற்று நிலம் போல விரிசல் விட்டு, புரிகள் வெகுதூரம் மழுங்கியிருந்தால் புதுக் குழல் போடுவதில் தவறில்லை. பூட்டுப் பற்கள் இரண்டும் ரிசீவரில் சமமாக அமர்கின்றனவா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் விஷயத்தில் அந்த நிலை வராது என்றே நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய தாளில் ஐந்து துளைகளும் ஏறக்குறைய நேர்மேலாக ஏறியிருக்கின்றன. சும்மா சிதறினால் அப்படி வரிசையாக விழாது. மரம் குழலைத் தொடுவதும் முன்திருகு தளர்வதும்தான் எனக்கு முதலில் தோன்றுகிறது. தாளை வெட்டிக் குழலுக்கு அடியில் விட்டுப் பார்ப்பதில் தொடங்குங்கள்.

குரூப் திருப்தியானதும் ஒரு புதுத் தாளைத் தனியாக எடுத்து வையுங்கள். சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டை மட்டும் அதில் சுட்டு, துளைக்குப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். வேட்டையில் விலங்கின் மேல் போவது அந்த முதல் குண்டுதான். வெயில் நாள், மழை நாள், பனி நாள் என்று பத்துத் துளைகள் அந்தத் தாளில் சேர்ந்ததும், அவற்றின் நடுவுக்கு ஸ்கோப்பைத் திருப்பி வையுங்கள்.